பழசும் புதுசும் சேரும் இடம்: வடசென்னையின் விவசாய வீடுகளும் பின்னால் கட்டிய பகுதிகளும்

மாதவரத்தில் தொடங்கி மாத்தூர், மணலி, கொசப்பூர், விச்சூர் வழியாக மீஞ்சூர் வரை போனால், கன்டெய்னர் யார்டுகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே இன்னும் சில பழைய விவசாய வீடுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் கிரில் போட்ட சிமெண்ட் அறை, மேலே கறுப்புத் தண்ணீர் டேங்க், பக்கத்தில் வாடகைக்கு விட்ட லைன் வீடு. எண்பதுகளில் கட்டியது என்றுதான் யாரும் சொல்வார்கள். முன்னறையைத் தாண்டி இரண்டு படி கீழே இறங்கியதும் தேக்குத் தூண், முற்றம், தாழ்வாரம், கைபட்டுப் பட்டு வழுவழுப்பான நிலைப்படி என்று வேறொரு வீடு தொடங்கிவிடும்.

இந்த வீடுகளை யாரும் ஒரே மூச்சில் கட்டவில்லை. நெல் கைகொடுத்த காலத்தில் ஒரு பகுதி, பால் வியாபாரம் நடந்த காலத்தில் ஒரு பகுதி, மணலியில் தொழிற்சாலைகள் வந்து வாடகை வருமானம் கிடைத்தபோது இன்னொரு பகுதி. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே ஒழுங்கான வேலைதான். விரிசலும் ஒழுகலும் உப்புப் பூப்பதும் தொடங்குவது ஒரு காலத்து வேலை இன்னொரு காலத்து வேலையைத் தொடுகிற இடத்தில். அதனால் "வீடு பழசாயிடுச்சு, இடிச்சிடலாம்" என்று மேஸ்திரி சொன்னால், எது பழசு, எது புதுசு, இரண்டும் எங்கே ஒட்டுகின்றன என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தேவையான விஷயங்களைத்தான் இங்கே சொல்கிறோம்.

மூல வீடு

இந்தப் பக்கத்து வீட்டின் அடிப்படை அமைப்பு எளிமையானது. தெருவில் திண்ணை. அதன் நடுவே வாசல், அதிலிருந்து உள்ளே போகும் குறுகலான நடை. பிறகு வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டிக் கூடம், சமையலறை, நெல் வைக்கும் உள்ளறை. பின்பக்கம் கிணறு, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், நெல் அடிக்கும் களம். வீட்டை விடக் கொல்லை பெரிதாக இருக்கும். 1 கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில் வீடு என்றால், கொல்லைக்கும் களத்துக்கும் 3 கிரவுண்டு விட்டிருப்பார்கள். லைன் வீடுகளும் கிடங்குகளும் பிறகு எழுந்தது அந்த இடத்தில்தான்.

அறைகள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. கூடம் நீளமாக இருக்கும், ஆனால் அகலம் 10 அல்லது 12 அடியைத் தாண்டாது. அதை முடிவு செய்தது மரம். கூரையின் பாரத்தைத் தொய்யாமல் தாங்கக்கூடிய கட்டை அவ்வளவு நீளத்துக்குத்தான் கிடைத்தது, அல்லது அவ்வளவு நீளத்துக்குத்தான் வாங்க முடிந்தது. அகலம் அதிகம் தேவைப்பட்டால் நடுவில் ஒரு உத்தரமும் இரண்டு தூணும் வரும். பின்னால் வந்தவர்கள் "ஹால் பெரிசா வேணும்" என்று அந்தத் தூணையோ, இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரையோ எடுத்துவிடுகிறார்கள். மேலே தளம் இறங்கத் தொடங்குவதற்கு இதை விடப் பொதுவான காரணம் வேறில்லை.

திசையும் மழையும் சேர்ந்துதான் கூரையை வடிவமைத்தன. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அதனால் கிழக்கு, வடக்குப் பக்கச் சாய்கூரை தலை இடிக்கும் அளவுக்குத் தாழ இறங்கும். சாரல் சுவரில் படக்கூடாது என்பதே நோக்கம். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைந்து, முற்றத்தின் வெப்பக்காற்றை மேலே தள்ளிவிட்டுப் போகும். திண்ணை, நடை, முற்றம், பின்வாசல் எல்லாம் ஒரே கோட்டில் இருப்பது இதற்காகத்தான்.

உள்ளறையின் அளவைப் பார்த்தே அந்தக் குடும்பத்தின் நிலம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். மண் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சாணி மெழுகிய குதிர், 4 அடி விட்டமும் 6 அடி உயரமும் இருந்தால் சுமார் 75 கன அடி கொள்ளும். நெல்லுக்கு அது ஏறக்குறைய 1,200 கிலோ. 75 கிலோ மூட்டையில் 16 மூட்டை. இப்படி நாலு குதிர் நின்ற அறையின் தரை, சுமை தாங்க மற்ற அறைகளை விடத் தடிமனாகவும், ஈரம் ஏறாமலிருக்க ஒரு சாண் உயரமாகவும் இருக்கும். இன்று அந்த அறையைப் பூஜையறையாகவோ பீரோ வைக்கும் அறையாகவோ மாற்றியிருப்பார்கள். தரை ஏன் உயரமாக இருக்கிறது என்று தெரியாமல் அதை வெட்டிச் சமப்படுத்தியவர்கள், அடுத்த மழைக்காலத்தில் பீரோவின் அடி துருப்பிடிப்பதைப் பார்க்கிறார்கள்.

மண், கிளிஞ்சல், பனை

மிகப் பழைய பகுதி பெரும்பாலும் மண் சுவர். ஏரி மண்ணை வைக்கோல் கலந்து மிதித்துப் புளிக்க வைத்து, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை போட்டுக் காயவிட்டு, அடுத்த படை போடுவார்கள். தடிமன் ஒன்றரை முதல் 2 அடி. கையளவு பூச்சு உதிர்ந்த இடத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது படை சேரும் இடம். விரிசல் என்று பயப்பட வேண்டாம். கூரையில் சாய்வாகப் போகும் கை, அதன் குறுக்கே கட்டும் வரிச்சு எல்லாம் பனை. எண்ணூர், பொன்னேரிப் பக்கம் பனைக்குப் பஞ்சமே இல்லை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைப் பிளந்து எடுத்த கையை இன்றும் ஆணி அடித்துத் துளைக்க முடியாது. இளம் பனையில் செய்தது இருபது வருடம் தாங்காது.

வசதி வந்ததும் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்தன. சுண்ணாம்பு கடலோரக் கிளிஞ்சலில் சுட்டது. எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் எடுத்த கிளிஞ்சல் படகில் வந்தது. 1806 வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் பிறகு வடக்கே நீண்டது. 1876 முதல் 1878 வரையிலான பஞ்ச காலத்தில் நகரத்தின் குறுக்கே வெட்டித் தெற்குக் கால்வாயோடு இணைத்து, பக்கிங்காம் கால்வாய் என்று பெயரும் சூட்டினார்கள். விறகு, உப்பு, கிளிஞ்சல் மூன்றும் அந்த வழியாகத்தான் பட்டணத்துக்குப் போயின. கால்வாய்க் கரை ஊர்களில் சுண்ணாம்பு வேலை அதிகமாக இருப்பதற்கு அந்தப் படகுகளும் ஒரு காரணம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கல் சுண்ணாம்பை விட வெண்மையானது, நைசானது. உட்கூடத்துச் சுவரில் கையை வைத்தால் பளிங்கு போலக் குளிர்ச்சியாக இருந்தால், அது மூன்று பூச்சு போட்ட மெட்ராஸ் சுண்ணாம்பு வேலை. முதல் பூச்சில் மணல் அதிகம், வெல்ல நீரில் பிசைந்தது. இரண்டாவதில் சுண்ணாம்பு அதிகம். மூன்றாவது மெல்லிய பூச்சில், அம்மியில் மைய அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்திருப்பார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. பெயிண்ட் ஒட்டாது. ஒட்டுவதற்காகப் பட்டி பார்க்கிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்தால், நூறு வருட மெருகு ஒரு மதியத்தில் போய்விடும்.

மெட்ராஸ் டெரஸ்

ஊரில் "மெத்தை வீடு" என்று ஒரு வீட்டை மட்டும் தனியாகச் சொல்வார்கள். ஓட்டு வீடுகளுக்கு நடுவே தட்டையான தளம் போட்ட வீடு அது. அந்தத் தளம்தான் மெட்ராஸ் டெரஸ். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வீடுகளில் எதையும் தொடக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள், சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்று. அவற்றின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் கொண்ட சின்னச் செங்கல்லைச் சாய்கோணத்தில், கட்டைக்குக் குறுக்காக, செங்குத்தாக நிறுத்தி அடுக்குவார்கள். ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக வரும். கீழே சாரமோ பலகையோ கிடையாது. சுண்ணாம்புக் கலவை பிடித்துக்கொள்ள, முந்தின வரிசையில் ஒட்டியபடியே அடுத்த வரிசை அந்தரத்தில் நிற்கும். சாய்கோணத்தில் போவதால் ஒவ்வொரு வரிசையும் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் பாரத்தைக் கடத்துகிறது. கைதேர்ந்த கொத்தனார் ஒரு நாளில் ஒரு சின்ன அறையை மூடிவிடுவார்.

அது இறுகியதும் மேலே 3 முதல் 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். அதைக் கொட்டி மட்டப்படுத்தினால் மட்டும் போதாது, அடிக்க வேண்டும். மரக்கட்டையால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 3 கிலோ வெல்லம் என்பது நடைமுறைக் கணக்கு. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை அதிகமாகக் கரைய வைத்து ஜல்லியின் இண்டு இடுக்குகளுக்குள் கொண்டுபோகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவை சீக்கிரம் இறுகாமல் பார்த்துக்கொண்டு, அடிக்க நேரம் கொடுக்கிறது. கட்டை பட்டதும் துள்ளும் அளவுக்குத் தளம் கெட்டியானால் அடிப்பது முடிந்தது. அதன் மேல் தட்டை ஓடு இரண்டு வரிசை, மூட்டு மேல் மூட்டு வராமல். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

மொத்தத் தடிமன் சுமார் 8 அங்குலம். எடை சதுர அடிக்கு ஏறக்குறைய 35 கிலோ. கட்டைகள் அந்தக் கணக்குக்குத்தான் போடப்பட்டவை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்து நடப்பதைப் பாருங்கள். தளம் ஒரு மூலையில் ஒழுகுகிறது. மேஸ்திரி மேலே 2 அங்குலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார். சதுர அடிக்கு 9 கிலோ கூடுகிறது. 10க்கு 12 அறையில் அது ஒரு டன்னுக்கு மேல். பத்து வருடம் கழித்துச் சிமெண்ட் வெடித்து மறுபடி ஒழுகுகிறது. மறுபடி 2 அங்குலம். இப்படி மூன்று அடுக்கு ஏறிய தளங்கள் இந்தப் பக்கத்தில் நிறையவே உண்டு. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் அடியிலோ, மழைநீர்க் குழாயின் வாயிலோ இருக்கும் ஒரு சாண் நீள விரிசல்தான். அதை மட்டும் வெட்டித் திறந்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்ந்த கலவையில் அடைத்திருந்தால் முடிந்திருக்கும்.

காலத்தைச் சொல்லும் சின்ன அடையாளங்கள்

எந்தப் பகுதி எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்கே சில நேரம் தெரியாது. வீட்டிடமே கேட்கலாம். கதவு மேலும் கீழும் மரக் குடுமியில் சுழன்றால் பழசு, இரும்புக் கீலில் தொங்கினால் பிறகு வந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லை அளந்து பாருங்கள்: ஒன்றரை, 2 அங்குலத் தடிமனில் ஒழுங்கற்று இருந்தால் நாட்டுச் செங்கல், 9க்கு 4½க்கு 3 என்று சீராக இருந்தால் சேம்பர் செங்கல், பிற்காலத்தது. இணைப்பை ஆணியால் கீறினால் வெள்ளையாக மாவு கொட்டுவது சுண்ணாம்பு. ஆணியே வழுக்கிச் சாம்பல் கோடு விழுந்தால் சிமெண்ட்.

ஓட்டைப் புரட்டிப் பார்க்கத் தவறாதீர்கள். அரைவட்ட நாட்டு ஓட்டில் எழுத்து இருக்காது. மங்களூர் ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் இந்த ஓட்டுத் தொழிலைத் தொடங்கியது. ஆகவே அந்த ஓடு இருக்கும் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் கீழே இருக்கும் சுவர் முந்தியதாக இருக்கலாம். நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு மங்களூர் ஓட்டை ஏற்றிய வீடுகளே அதிகம். அப்படி மாற்றியபோது வரிச்சுக்குப் பதில் ரீப்பர் எனும் அறுத்த மரச் சட்டம் அடித்திருப்பார்கள். பழைய வரிச்சுக் கட்டின கயிற்றுத் தடம் பனங்கையில் இன்னும் தெரியும்.

தரையும் பேசும். சாணி மெழுகின மண் தரைக்குப் பிறகு சுண்ணாம்புத் தரை, பிறகு கடப்பா கல், பிறகு சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை. வடசென்னையில் கடப்பா கல் இவ்வளவு தாராளமாகக் கிடப்பதற்குக் காரணம், ஆந்திரத்துச் சாலை வாசலிலேயே இருப்பதுதான். மெல்லிய மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங்கும் உருண்டையான கறுப்பு சுவிட்சும் எந்த அறையில் நின்றுபோகின்றன என்று பாருங்கள்; மின்சாரம் வந்த நாளில் வீடு அதுவரைதான் இருந்தது.

பின்னால் வந்தவை

பின்னால் வந்ததை எல்லாம் அழிக்க வேண்டிய அசிங்கமாகப் பார்ப்பது தவறு. முதலில் வந்த பெரிய சேர்க்கை பம்பு செட் அறை. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றின் மேல் மேடை போட்டு மோட்டார் வைத்தார்கள். அதோடு கிணற்றடியில் சிமெண்ட் தொட்டி. அடுத்தது மாட்டுக் கொட்டகை. ஒன்றிரண்டு உழவு மாடு கட்டின இடத்தில் கறவை மாடுகள் பெருகின. ஓலைக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சாணி வழிய சிமெண்ட் வாய்க்கால். மூன்றாவது அலை தொழிற்சாலை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது; உர ஆலையும் அதைச் சுற்றிய தொழிற்சாலைகளும் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கொல்லையில் 10க்கு 10 அறைகள் வரிசையாக எழுந்தன, கடைசியில் பொதுக் கழிப்பறை. பல குடும்பங்கள் நிலத்தை இழந்த பிறகும் வீட்டை விற்காமல் தாக்குப்பிடித்தது இந்த லைன் வீட்டு வாடகையால்தான். 2011-ல் மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. அதற்குப் பிறகு மாடிகள் எழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வீட்டை உண்மையில் வதைத்தது மாடி. பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடித் தடிமன் இருக்கிறதே என்ற தைரியத்தில், அதன் மேலேயே ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் போடுகிறார்கள். 4 அங்குலத் தளம் 10க்கு 12 அறைக்கு 2.8 டன். கீழிருக்கும் சுவர் அந்த எடையைக் கூடத் தாங்கிவிடும். சிக்கல் வேறு. கான்கிரீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 20 அடித் தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நகர்கிறது. சுண்ணாம்புச் சுவர் அவ்வளவு நகராது. தினமும் இழுத்து இழுத்து, தளத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி முடி போலக் கிடைமட்ட விரிசல் விழுகிறது. சாரல் அடித்தால் அந்த விரிசலில் தண்ணீர் ஏறி, சுவருக்குள் இருக்கும் தேக்குக் கட்டையின் நுனியை நனைக்கிறது. கட்டையின் நடுப்பகுதி இரும்பு போல இருக்கும். சுவருக்குள் புதைந்த 9 அங்குலம் மட்டும் கை விட்டால் பொடியாக வரும். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

பக்கவாட்டுச் சேர்க்கையில் இன்னொரு தவறு. புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் விட்டுக் கட்டினால்தான் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது கெடுதல். பழைய அஸ்திவாரம் நூறு வருடமாக இறங்கி முடித்துவிட்டது. புதியது இப்போதுதான் இறங்கப் போகிறது. களிமண் நிலமாக இருந்தால் கோடையில் சுருங்கி மழையில் உப்பவும் செய்யும். இரண்டையும் பூட்டிவிட்டால் புதியது இறங்கும்போது பழையதையும் இழுத்துக் கிழிக்கும். சேருமிடத்தில் நேராக மேலிருந்து கீழே விழும் விரிசல் இதன் அடையாளம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்ந்து போகும் விரிசல் அஸ்திவாரத்தைக் காட்டுகிறது. புதுச் சுவரைத் தனி அஸ்திவாரத்தில், ஓர் அங்குல இடைவெளி விட்டு நிறுத்தி, இடைவெளியின் மேல் தகரமோ அலுமினியத் தகடோ மடித்து மூடியிருந்தால் இரண்டும் அதனதன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கும்.

முற்றத்தை மூடுவது பற்றியும் சொல்ல வேண்டும். குரங்கு, திருட்டு, தூசி என்று காரணம் நியாயமானதுதான். ஆனால் நான்கு பக்கக் கூரையும் சேர்ந்து 400 சதுர அடித் தண்ணீரை முற்றத்துக்குள் அனுப்புகின்றன. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 3,700 லிட்டர். முற்றத்தின் மூலையில் இருக்கும் கல் தூம்பு, அதாவது தண்ணீர் வெளியேறும் வழி, அதற்காக அமைத்தது. மேலே ஃபைபர் ஷீட் போட்டு, கீழே தூம்பை அடைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டால், அந்தத் தண்ணீர் ஷீட்டின் விளிம்பில் தாழ்வாரத்து மரத்தின் தலையில் கொட்டுகிறது. மூடத்தான் வேண்டுமென்றால் இரும்புக் கம்பி வலை போதும். ஷீட் வேண்டுமென்றால் கூரைக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் காற்றுப் போக விட்டு, 6 அங்குலத்துக்குக் குறையாத வாய்க்கால் தகடு வைத்து வெளியே இறக்க வேண்டும். தூம்பை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது.

கீழிருந்து ஏறும் உப்பு

மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் கலவை போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றிச் சிமெண்ட் பூச்சைப் பதப்படுத்தினால் உப்பைச் சுவருக்கு ஊட்டுகிறோம் என்று பொருள். அது போதாதென்று நிலத்திலிருந்தும் ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகி, உப்பு வெளியே பூத்து உதிரும். பூச்சு கெடும், சுவர் பிழைக்கும். சிமெண்ட் பூச்சு வழியை அடைக்கிறது. ஈரம் 2 அடியில் நிற்காமல் 4 அடி, 5 அடி என்று ஏறிப் பூச்சின் மேல் விளிம்பில் வெடிக்கிறது. அங்கேயும் சிமெண்ட் பூசினால் இன்னும் மேலே. உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். கை முட்டியால் தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும்.

இதோடு சேர்ந்தது சாலை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால், ஒரு காலத்தில் இடுப்பளவு இருந்த திண்ணை இப்போது முழங்காலுக்கும் கீழே. அதனால்தான் முன்னறையிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. இப்போது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது சென்னையில் பரவலாகிவிட்டது. ஆனால் மண் சுவருக்கும், அடியில் கான்கிரீட் பெல்ட் இல்லாத சுண்ணாம்புச் சுவருக்கும் அதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தச் சுவர் தனித்தனி கற்களின் அடுக்கு. நாலு புள்ளியில் தூக்கினால் நடுவே பிரிந்துவிடும்.

சரிசெய்யும் முறை

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். தளத்தில் ஏறிய சிமெண்ட் அடுக்குகளை, டிரில்லிங் மெஷின் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு மெதுவாக எடுக்க வேண்டும். அதிர்வு கீழிருக்கும் சின்னச் செங்கல்லை உதிர்த்துவிடும். எடுக்கும் முன் அறைக்குள் முட்டு கொடுக்க மறக்கக்கூடாது. தண்ணீர் டேங்கை இறக்கிவிடுங்கள். 1,000 லிட்டர் டேங்க் ஒரு டன். அதை வைக்க வேண்டிய இடம் பழைய தளம் அல்ல, தரையிலிருந்து எழும்பும் தனி இரும்பு ஸ்டாண்டு.

கட்டை நுனிகளைச் சோதிக்க மெல்லிய டிரில் பிட் ஒன்று போதும். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் துளைத்தால் சுருள் சுருளாக மரம் வந்தால் நலம், மாவு வந்தால் நுனி போய்விட்டது. அதற்காக முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கெட்டதை அறுத்து, இரண்டு பக்கமும் இரும்பு சி-சேனல் வைத்து போல்ட் போட்டு, சேனலைச் சுவரில் ஏற்றலாம். புதிய நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடைவெளி விடுங்கள். கலவையால் அடைத்தால் மறுபடி அதே கதைதான். 12 அடிக் கட்டையில் அரை அங்குலத் தொய்வு இருப்பது வயதின் அடையாளம். நூல் கட்டி அளந்து குறித்து வையுங்கள்; அடுத்த வருடம் கூடியிருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

சுவரில் சிமெண்ட் பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் 2 அடி சேர்த்துக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுவது நல்லது. அவசரப்பட்டால் வேலை வீண். பிறகு சுண்ணாம்பு. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 3 வாரம் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒரு பூச்சு, அது இறுகியதும் அடுத்தது. ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது. மழைக்காலத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் அது நடக்காது, கத்திரி வெயிலில் சட்டென்று காய்ந்தாலும் நடக்காது. தை பிறந்து பங்குனி முடிவதற்குள் பூச்சு வேலையை முடித்துக்கொள்வதே வசதி. மேலே வெள்ளையடிப்பு மட்டும். எமல்ஷன் அடித்தால் மறுபடி மூச்சை அடைத்தது போலத்தான்.

சுவரோரம் போட்ட சிமெண்ட் நடைபாதையை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து, ஒரு அடி ஆழம் தோண்டி, 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறாமல் அங்கேயே ஆவியாக இதுவே போதும். சாலை உயர்ந்துவிட்ட இடத்தில் வாசலில் ஒரு கல் தடுப்பும், உள்ளே விழும் நீருக்கு ஒரு சின்ன சம்ப்பும் பம்பும் வைத்துக்கொள்வது தவிர்க்க முடியாதது.

விரிசல்களை உடனே அடைக்காதீர்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் விரல் அகலக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உடையாமல் இருந்தால் அது பழைய காயம், சுண்ணாம்பு வைத்து மூடிவிடலாம். ஐப்பசியில் முதல் பெரிய மழை பிடித்த இரவில், மின்விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபடி பழைய தளமும் புதுத் தளமும் சேரும் கோட்டை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். எந்தக் கட்டையின் நுனியில் ஈரம் மினுங்குகிறதோ, அதற்கு நேர் மேலே மாடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். தை மாதம் கொத்தனார் வந்ததும் உளி வைக்க வேண்டிய இடம் அதுதான்.